இடது காதின் முகம்

எங்கள் மந்தைவெளி அடுக்ககத்தில் பன்னிரண்டு வீடுகள். மொட்டைமாடியில் கருவாடு காயவைக்கக் கூடாது என்று ஒருமுறை குடியிருப்போர் சங்கம் தீர்மானம் போட்டபோது பதினொரு வீட்டார் கையெழுத்திட்டோம். பன்னிரண்டாவது வீடு டீச்சருடையது. செயலாளர் காகிதத்தை எடுத்துக்கொண்டு மூன்றாவது மாடிக்கு ஏறினார். டீச்சர் அதை முழுக்கப் படித்தார். படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"முடியாது."

காரணம் கேட்டதற்கு, "உங்க வடாம் காயற வரைக்கும் என் கருவாடும் காயும்" என்றாராம்.

மறுநாள் நான் மாடிக்குப் போய்ப் பார்த்தேன். வடாம் ஏழு வரிசை. கருவாடு ஒன்றரை வரிசை, அதுவும் ஒரு மூலையில், கொசுவலை போட்டு மூடி, நான்கு பக்கமும் செங்கல் வைத்து. காக்காய்கள் வடாத்தைத்தான் கொத்திக்கொண்டிருந்தன. அந்தத் தீர்மானத்தை அப்புறம் யாரும் எடுத்துப் பேசவில்லை.

டீச்சரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதட்டுமா என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பது எனக்குத் தெரியும். சாந்தோம் கோயில் பங்கைச் சேர்ந்த பழைய கத்தோலிக்கக் குடும்பம். போர்த்துக்கீசியர் வந்த காலத்திலிருந்து அந்தக் கடற்கரையை விட்டு அசையாதவர்கள். அவர்கள் வீட்டில் பாதிப் பேர் வாத்தியார்கள், மீதிப் பேர் நர்சுகள். டீச்சர் ஒரு பெண்கள் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் வேறு ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். இருவரும் ஓய்வு பெற்ற பிறகு அண்டை வீட்டார் ஆனோம்; அவர் மேல்மாடி, நான் அதற்குக் கீழ். எதையும் எண்ணிப் பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. எதற்கும் முதலில் மறுக்காவிட்டால் அவருக்கு இறங்காது. அதனால் ஒத்துப்போனது.

அவருடைய 'முடியாது' எல்லாமே மறுப்பு அல்ல என்பது பழகினால்தான் தெரியும். "டீச்சர், என் ரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துபோச்சு, கடைப் பக்கம் போனா வாங்கிட்டு வர்றீங்களா?" என்றால், "முடியாது, எனக்கு வேற வேலை இருக்கு" என்பார். அரை மணியில் மாத்திரை என் கதவுக் கைப்பிடியில் பையில் தொங்கும். செய்யப்போகிற காரியத்துக்குக்கூட அவர் கட்டளைக்குப் பணிந்து செய்ததாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். செய்யவே போவதில்லை என்றால் குரல் இறங்கிவிடும். காரணமும் வராது. அந்த இறங்கிய குரலைப் பதினான்கு வருடப் பழக்கத்தில் நான் நான்கைந்து தடவைதான் கேட்டிருக்கிறேன். அதில் மூன்று, அவருடைய கம்மலைப் பற்றி.

அவர்கள் வீட்டில் அதை முகக் கம்மல் என்பார்கள். ஆங்கிலத்தில் கேமியோ. பெரிய நெல்லிக்காய் அளவு, முட்டை வடிவம். தங்க விளிம்பைச் சுற்றி முறுக்குக் கம்பி, அதன் ஓரத்தில் கடுகைவிடச் சிறிய தங்கக் குண்டுகள். ஒரு கம்மலுக்கு முப்பத்திரண்டு. நடுவில் செம்பழுப்பு நிறத் தரையில் வெள்ளையாக ஒரு பெண்ணின் பக்கவாட்டு முகம் புடைத்து நிற்கும். நெற்றியிலிருந்து நேராக இறங்கும் கூர்மூக்கு, சிறிய வாய், தலையில் திராட்சைக் கொடி. வலக்காதில் ஒருத்தி, இடக்காதில் ஒருத்தி. இருவரும் முன்னால் பார்ப்பார்கள். டீச்சரின் முப்பாட்டனார் கப்பலில் வேலைபார்த்தவர். அவர் இத்தாலியில் எங்கோ முகங்களை மட்டும் வாங்கிவந்து, மயிலாப்பூர் ஆசாரியிடம் கொடுத்துத் தங்கம் கட்டினாராம்.

நான் அதை ஏதோ கல் என்று நினைத்திருந்தேன். ஒரு மத்தியானம் என் கைப்பேசி விளக்கைப் போடச் சொல்லி, காதிலிருந்து கழற்றாமலே, கம்மலின் பின்பக்கம் பிடிக்கச் சொன்னார். முகம் முழுவதும் இளஞ்சிவப்பாக எரிந்தது. கன்னம் தடித்த இடத்தில் வெளிச்சம் குறைவு. கொடியின் இலை மெலிந்த இடத்தில் அதிகம்.

"சங்கு சார். கடல் பிராணியோட ஓடு. மேல வெள்ளை அடுக்கு, கீழ பழுப்பு அடுக்கு. வெள்ளையை எங்க விடணுமோ அங்க விட்டுட்டு, மிச்சத்தைச் சுரண்டி எடுத்துட்டா பழுப்பு தெரியும். வெள்ளையை மெலிசா விட்டா பழுப்பு கீழேருந்து கசியும். அதுதான் நிழல். சாயம் கிடையாது, ஒட்டு கிடையாது."

அந்தக் கம்மலோடு அவர் பாடம் நடத்தினார், பூசைக்குப் போனார், பறக்கும் ரயிலில் போனார், ஊரூர் குப்பத்தில் மீன் பேரம் பேசினார். ஆசிரியைகள் பெரிய நகை அணியக் கூடாது என்று ஒரு தலைமையாசிரியை சொல்லிப்பார்த்தாராம். அன்றைய வகுப்பில் டீச்சர் கிளிஞ்சல் ஒன்றை அமிலத்தில் போட்டு நுரை பொங்குவதைக் காட்டி, கால்சியம் கார்பனேட்டு என்று எழுதிப்போட்டு, பிறகு தன் காதைக் காட்டி, "இதுவும் அதேதான். நான் போட்டிருக்கறது நகை இல்ல, பாடம்" என்றாராம். அவரிடம் படித்த ஒரு பெண், இப்போது எங்கள் தெருவில் பல் மருத்துவர், சொல்லிச் சிரித்தாள். நான்தான் கவலைப்பட்டுக்கொண்டே இருந்தேன். கம்மலை அறுத்துக்கொண்டு ஓடும் செய்தி பேப்பரில் வரும்போதெல்லாம் மடித்து அவர் கதவடியில் செருகுவேன். ஒருநாள் அத்தனையையும் கட்டி என் கதவடியில் திருப்பி வைத்துவிட்டார். எண்ணினேன். ஒன்றும் குறையவில்லை.

அவருக்கு ஒரே தம்பி. துறைமுகத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர், பங்குப் பேரவையில் பெரிய ஆள், நல்ல மனுஷர். அவர் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானபோதுதான் தகராறு தொடங்கியது. அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம்: மூத்த மருமகள் பலிபீடத்தின் முன் நிற்கும்போது காதில் முகக் கம்மல் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு அது அவளுடையது. அவள் மருமகள் வரும்வரை அவளே அணிந்திருப்பாள். இப்படி நான்கு தலைமுறை. ஐந்தாவதாகத் தம்பியின் மனைவி வந்தாள். செத்துப்போன வெள்ளைக்காரிகளின் தலையைக் காதில் மாட்டிக்கொண்டு நிற்க என்னால் ஆகாது என்று பெட்டியை மூடிவிட்டாள். அந்த வாரமே தாயார் பெட்டியைத் திறந்து, கல்யாணம் வேண்டாம் என்று நின்ற மகளின் காதில் கம்மலைத் திருகிவிட்டார். அன்று யாரும் ஆட்சேபிக்கவில்லை. யாருக்கும் அது வேண்டியிருக்கவில்லை.

தம்பி வந்து கேட்ட அன்று நானும் டீச்சர் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். எழுந்து போகலாமா என்று பார்த்தேன். டீச்சர் கையால் உட்காரச் சொன்னார்.

"அக்கா, அது மருமகளுக்குப் போற நகை. இவ்வளவு நாள் நீ வச்சிருந்த, அவ்வளவுதான்."

"வச்சிருக்கல. போட்டிருக்கேன்."

"கல்யாணம் ஆகாதவங்ககிட்ட அது தங்கக் கூடாதுன்னு அம்மாவுக்கே தெரியும். ஏதோ அந்த நேரத்து வருத்தத்துல உனக்குப் போட்டுவிட்டாங்க. நீ சொல்லு, உனக்கப்புறம் யாரு?"

சமையலறையில் குக்கர் இரண்டு விசில் அடித்தது. மூன்றாவது விசிலுக்கு எழுந்து போன டீச்சர், நிலைப்படியில் நின்று சொன்னார்.

"முடியாது."

குரல் இறங்கியிருந்தது. காரணம் வரவில்லை. தம்பி காபியைக் குடிக்காமலே இறங்கிப் போனார்.

அதற்கு அடுத்த மாதம் டீச்சருக்கு இடது கண்ணில் புரை அறுவை. அறுவைக்கு உள்ளே போகுமுன் உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது என்றாள் நர்ஸ். "கண்ணுலதானே கத்தி வைக்கறீங்க, காதுல இல்லையே" என்று வாதாடிப் பார்த்தார். டாக்டரே வெளியே வந்து, கம்மல் வந்தால் நான் வரமாட்டேன் என்று சொன்ன பிறகு, எத்தனையோ வருடங்களில் முதல் தடவையாகத் திருகைக் கழற்றினார். கைக்குட்டையில் முடிந்து தம்பியிடம் கொடுத்தார். தம்பிதானே கூட வந்திருந்தார். வேறு யாரிடம் கொடுப்பது?

தம்பி அந்த முடிச்சோடு நேராகத் தி.நகர் போய்விட்டார். அபகரிக்கும் எண்ணம் என்று நான் சொல்லமாட்டேன். நூறு வருட அழுக்கை எடுத்துப் பளபளவென்று கொண்டுவந்து நீட்டினால் அக்கா மனம் இளகி, கல்யாணத்தன்று பெண்ணுக்குப் போட்டுவிடுவாள் என்று நினைத்தார். நகைக்கடையில் மெருகுக்குக் கொடுத்தார். மெருகு போடுகிறவர் எல்லாத் தங்கத்துக்கும் செய்வதையே செய்தார். சூடான அமிலத் தண்ணீரில் முதலில் இடக்காதுக் கம்மலைப் போட்டார். அது நுரைத்தது. இவ்வளவு அழுக்கா என்று அவருக்கு ஆச்சரியம். நுரை அடங்கட்டும், அப்போதுதான் அழுக்கு முழுக்கப் போகும் என்று காத்திருந்தார். எடுத்துப் பார்த்தால் தங்கம் நெருப்புப் போல ஜொலித்தது. முகம், தேய்ந்த சோப்புக்கட்டிபோல் ஆகிவிட்டது. வலக்காதுக் கம்மலைப் போடாமல் விட்டாரே, அந்த மட்டும் புண்ணியம்.

இரண்டு நாள் தம்பி வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் டீச்சர் கேட்டே விட்டார். தம்பி சொல்லி முடித்ததும் புடவையை மாற்றிக்கொண்டு, "சார், ஆட்டோ பிடிங்க" என்றார். கண்ணில் பஞ்சும் அதன் மேல் பிளாஸ்டிக் மூடியும் இருந்தன. தூசி படக் கூடாது, குனியக் கூடாது, வெயில் ஆகாது என்று டாக்டர் கொடுத்த ஏழு விதிகளையும் நான் ஆட்டோவில் வரிசையாகச் சொன்னேன். ஏழாவதைச் சொல்லும்போது தி.நகர் வந்துவிட்டது.

கடை முதலாளி எங்களை உட்காரவைத்து, குளிர்பானம் வரவழைத்து, மிக மரியாதையாகவே பேசினார். தவறு எங்களுடையதுதான் அம்மா என்றார். இரண்டிலிருந்தும் அந்தக் கிளிஞ்சலைத் தட்டி எடுத்துவிட்டு, அதே கூட்டில் நல்ல கெம்புக் கல் பதித்துத் தருகிறோம், கூலி வேண்டாம், கல்லும் எங்கள் செலவு என்றார். தம்பி முகத்தில் உயிர் வந்தது. அது ஒரு வழிதானே என்று எனக்கும் தோன்றியது.

"இதைத் தட்டி எடுத்து என்ன செய்வீங்க?" என்றார் டீச்சர்.

"அதுக்கு மதிப்பு கிடையாதும்மா. தங்கத்துக்குத்தான் மதிப்பு. எடை போடும்போதுகூட அதைக் கழிச்சுட்டுத்தான் போடுவோம்."

"கழிக்கறதைத்தான் எங்க வீட்டுல அஞ்சு தலைமுறையா போட்டுக்கிட்டிருக்கோம். ரெண்டையும் அப்படியே குடுங்க."

முதலாளி தயங்கினார். அவருக்கு உண்மையிலேயே வருத்தம். "அம்மா, கோவிச்சுக்காதீங்க. இது ஒரு பக்கம் கண்ணு போன மாதிரி இருக்கு. இதையா போட்டுக்கிட்டுப் போகப்போறீங்க?"

டீச்சர் தன் பிளாஸ்டிக் மூடியை ஒரு விரலால் தட்டிக் காட்டினார்.

"ஒரு பக்கம் கண்ணை மூடிக்கிட்டுத்தான் உங்க கடைக்கே வந்திருக்கேன். கண்ணாடி எங்க இருக்கு?"

கடையின் நடுவில், கல்யாண நகை பார்க்க வந்திருந்த இரண்டு குடும்பங்கள் பார்த்துக்கொண்டிருக்க, கண்ணாடி முன் நின்று நிதானமாக இரண்டையும் திருகிக்கொண்டார். தம்பி வெளியே போய் வெயிலில் நின்றார். கெம்பும் முடியாது, புதுசும் முடியாது, பழைய தங்கத்தை உருக்கி இரண்டு ஜோடியாகச் செய்வதும் முடியாது என்று அவரிடம் திரும்ப ஆட்டோ ஏறும்போதே குரலை இறக்கிச் சொல்லிவிட்டார். அதாவது, தம்பி வாயெடுக்குமுன்பே.

பஞ்சு எடுத்த பிறகு முதல் சனிக்கிழமை ஊரூர் குப்பத்துக்கு மீன் வாங்கப் போனார். எனக்கு மீன் ஆகாது. ஆனாலும் அந்தக் கண்ணோடு தனியாக விட மனசில்லை, கூடப் போனேன். அவர் வழக்கமாக வாங்கும் மீன்காரம்மா வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள். பார்த்தவள் கத்தியை நிறுத்திவிட்டாள்.

"இன்னா டீச்சர், இந்தக் காதுக்காரிக்கு மூக்கு இன்னாச்சு?"

டீச்சர் சொன்னார். மீன்காரம்மா கையைத் தண்ணீரில் அலசிவிட்டு, எழுந்துவந்து, டீச்சரின் தாடையைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"அந்தக் காதுல கீறவ யாரோ தொர வூட்டம்மா. இவ பரவால்ல. தேஞ்சி போயி இப்பத்தான் நம்ம ஜனம் மாறி கீறா."

பக்கத்தில் இறால் உரித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. பஸ்ஸில் அடையாறு தாண்டும்வரை இடக்காதுக் கம்மலை விரலால் தடவிக்கொண்டே வந்தார். மீன்காரி சொன்னது மனசைப் புண்படுத்திவிட்டதோ என்று நான் கவலைப்பட ஆரம்பித்தபோது, தானாகவே ஆரம்பித்தார்.

"சார், இந்த வேலையில எடுக்கத்தான் முடியும். சேர்க்க முடியாது. அமிலம் மேல இருந்த உயரத்தை எல்லாம் தின்னுடுச்சு. அந்தக் கூர்மூக்கை இனி ஆண்டவரே வந்தாலும் வைக்க முடியாது. ஆனா வெள்ளை முழுக்கப் போகல. தட்டையா ஒரு மூக்குக்குப் போதுமான அளவு இருக்கு."

யார் மூக்கு என்று நான் கேட்கவில்லை.

பல் மருத்துவரிடம் போய்த் தேய்ந்துபோன சுரண்டுகருவிகள் ஒன்பது வாங்கிவந்தார். அவற்றை அம்மியில் தீட்டினார். அவர் வீட்டு அலமாரியில் ராமேஸ்வரம் போனபோது வாங்கிய பெரிய சங்கு ஒன்று பல வருடமாகச் சும்மா கிடந்தது. அதை இரும்பு அறுக்கும் ரம்பத்தால் அறுத்தார், நான்தான் பிடித்துக்கொண்டேன். துண்டுகளைப் பூரிக்கட்டையின் முனையில் அரக்கு உருக்கி ஒட்டி, கட்டையை இடது கையால் உருட்டி உருட்டி, வலது கையால் சுரண்டிப் பழகினார். தூசி நெஞ்சுக்குள் போகும் என்று நான் சொன்னதால் ஈரம் தொட்டுத் தொட்டுச் சுரண்டினார். அப்படிச் செய்தால் கோடும் நன்றாகத் தெரிகிறதாம். அதனால்தான் செய்கிறேன், நீங்கள் சொன்னதால் இல்லை என்று தெளிவுபடுத்தினார்.

முதல் துண்டுகள் எல்லாம் வீண். வெள்ளை அடுக்கு எங்கே முடிகிறது என்பது கைக்குத் தெரிய வேண்டும். ஒரு இழுப்பு அதிகமானால் கன்னத்தின் நடுவே பழுப்பு தெரிந்து, முகத்தில் ஓட்டை விழுந்துவிடும். பதினோராவது துண்டில்தான் மூக்கும் வாயும் ஓட்டையில்லாமல் வந்தன. அதையும் தூக்கிப் போட்டுவிட்டார். யாரோ மாதிரி இருக்கிறதாம்.

மறுநாள் என்னைக் கூப்பிட்டு, ஜன்னலைச் சாத்தி, சுவரில் காலண்டர் தாளைத் திருப்பி ஒட்டி, ஒரு பக்கம் டார்ச்சை வைத்துவிட்டு, நடுவில் பக்கவாட்டில் உட்கார்ந்தார். தன் நிழலின் ஓரத்தைப் பென்சிலால் வரையச் சொன்னார்.

"அசையாதீங்க டீச்சர்."

"முடியாது. மூச்சு விடணுமில்ல."

பட்டாணி மாதிரி உருண்ட நுனியுள்ள அகல மூக்கு, கொஞ்சம் முன்னால் வந்த மேலுதடு, இரட்டைத் தாடை, கொண்டை. அறுபத்தாறு வயதுப் பெண்ணொருத்தியின் ஓரத்தை நான் அதற்குமுன் அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை. வரைந்து முடித்ததும் அதைச் சற்றுநேரம் பார்த்தார். "இந்தத் தாடையை நீங்க கொஞ்சம் குறைச்சுட்டீங்க. மரியாதைக்குச் செஞ்சீங்களா? திரும்ப வரைங்க" என்றார். வரைந்தேன்.

கம்மலைக் கூட்டிலிருந்து பிரிக்காமல், தங்கத்தோடு அப்படியே அரக்கில் ஒட்டினார். மழைக்காலம் அதற்குள் வந்துவிட்டது. பகல் வெளிச்சத்தில் மட்டும், ஒரு நாளைக்குச் சிறிது நேரம். திராட்சைக் கொடியை அமிலம் ஏறக்குறைய முழுதும் தின்றிருந்தது. அங்கே கொண்டை வந்தது. கூர்மூக்கின் அடிமட்டும் மிஞ்சியிருந்தது. அது அகல மூக்காக ஆயிற்று. கழுத்தில் இரண்டு மடிப்பு. கடைசியில் பல்பொடியை எண்ணெயில் குழைத்து மூங்கில் குச்சியால் மெருகேற்றினார். இத்தாலிக்காரன் செய்ததுபோல் இருந்ததா என்றால், இல்லை. காதுமடல் சற்றுப் பெரிது, கண் கொஞ்சம் உள்ளே போய்விட்டது. ஆனால் விளக்கைப் பின்னால் பிடித்தபோது அந்தத் தட்டை மூக்கு உள்ளிருந்து சிவந்து எரிந்தது. முப்பத்திரண்டு குண்டுகளும் இருக்கின்றனவா என்று எண்ணிச் சரிபார்த்து, இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது தம்பி வந்தார். இடக்காதைப் பார்த்தார். அது யார் என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. முகம் கறுத்தது.

"அக்கா, பங்கு முழுக்க வரும். பிஷப் வர்றாரு. இதைப் பாத்து எல்லாரும் சிரிப்பாங்க. உன் மூஞ்சியை நீயே செதுக்கி மாட்டிக்கிட்டியான்னு கேப்பாங்க. அன்னைக்கு ஒரு நாள் முத்துக் கம்மல் போட்டுக்க, நான் வாங்கித் தரேன்."

"யாரோ முகத்தை நாப்பது வருஷம் மாட்டிக்கிட்டிருந்தேன். அப்ப ஒருத்தரும் கேக்கல."

"அது குடும்ப நகை."

"நானும் இந்தக் குடும்பம்தான்."

தம்பி மேலும் பேசப் பார்த்தார். டீச்சர் அந்த இறங்கிய குரலில் ஒரே ஒரு சொல் சொன்னார். அவர் எழுந்துவிட்டார். படியில் நான் அவரோடு இறங்கினேன். பாதிப் படியில் நின்று, "சார், இவங்களை யாராலயும் மாத்த முடியாது" என்றார். கோபமாகத்தான் சொன்னார் என்று அப்போது நினைத்தேன்.

கல்யாணப் பூசை முடிந்து, கோயில் முகப்பில் குடும்பப் படம் எடுக்க நிறுத்தினார்கள். நானும் டீச்சரின் உறவு என்று யாரோ இழுத்துப் பின்வரிசையில் சேர்த்துவிட்டார்கள். தம்பி ஒவ்வொருவரையும் தானே இடம் பார்த்து நிறுத்தினார். டீச்சரை, கேமராப் பக்கமிருந்து பார்த்தால் வலது கோடியில், தூணை ஒட்டி நிறுத்தினார். இடக்காது தூணுக்குப் பின்னால் போய்விடும்படி. டீச்சர் போய் நின்றார். 'முடியாது' வராததுதான் எனக்குச் சந்தேகமாக இருந்தது.

போட்டோக்காரப் பையன் எல்லாரையும் கேமராவைப் பார்க்கச் சொல்லி எண்ண ஆரம்பித்தான். ஒன்று, இரண்டு. மூன்று என்று அவன் வாய் குவிந்தபோது டீச்சர் தூணை விட்டு ஓரடி முன்னால் வந்து, முழுதாகப் பக்கவாட்டில் திரும்பிவிட்டார். இடக்காது கேமராவுக்கு நேராக. கேமரா அடித்துவிட்டது.

பையன் பார்த்துவிட்டு, "மேடம் திரும்பிட்டாங்க, இன்னொண்ணு எடுத்துக்கலாம்" என்றான். தம்பி, எல்லாரும் அப்படியே நில்லுங்கள் என்று கையைத் தூக்கினார். அப்போது மணப்பெண் பேசினாள். வேளச்சேரிப் பெண், சன்னமான குரல், அன்று காலையிலிருந்து அவள் சத்தமே கேட்கவில்லை. எடுத்த படத்தை ஒரு தடவை காட்டச் சொல்லி, முக்காட்டை ஒதுக்கிக் கேமராவின் பின்பக்கத்தைக் குனிந்து பார்த்தாள். விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு திரும்பி டீச்சரின் காதைப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, இது நீங்களா?"

"ஆமா."

"நீங்களே செஞ்சீங்களா?"

"ஆமா. வழக்கப்படி இது இன்னைக்கு உன் காதுல இருக்கணும். உனக்கு வேணுமா?"

முகப்பில் எல்லோரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். மருமகள் தன் மாமனாரைப் பார்க்கவில்லை.

"உங்க மூஞ்சியை நான் எப்படி ஆன்ட்டி போட்டுக்கறது? அது உங்க காதுலதான் இருக்கணும்" என்றாள். பிறகு பையனிடம், "இந்தப் படமே போதும்ணா, வேற வேணாம்" என்றாள்.

தம்பி தூக்கிய கையை இறக்கினார். பிறகு எல்லோரும் பிரியாணிக்குப் போனோம். எனக்குத் தயிர்சாதம்.

அதன் பிறகு கம்மலைப் பற்றித் தம்பி பேசியதில்லை. டீச்சர் காலமான அன்று, பெட்டியை மூடுமுன் வழக்கம்போல் நகைகளைக் கழற்ற உறவுக்காரப் பெண்மணி ஒருத்தி காதில் கை வைத்தாள். தம்பிதான் அவள் கையைப் பிடித்து எடுத்தார். ஐந்து தலைமுறைத் தங்கம் மண்ணுக்குள் போகிறதே என்று இரண்டொருவர் முணுமுணுத்தார்கள். "அக்காவோடது, அக்காவோட போகட்டும்" என்றார்.

அந்தப் படம் இப்போது கோட்டூர்புரத்தில் தம்பி மகன் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. போன மாதம் நூலகத்துக்குப் போன வழியில் அங்கே ஏறினேன். எல்லாரும் சொல்லிவைத்ததுபோல் நேராகப் பார்க்கிறார்கள், நானும் உட்பட. டீச்சர் மட்டும் பக்கவாட்டில் நின்று, மணமக்களிலிருந்து கடைசிவரை எங்கள் அத்தனை பேரையும் பார்க்கிறார். அவர் காதிலிருப்பவளும் அதே மூக்கோடு, அதே இரட்டைத் தாடையோடு, அதே பக்கம் பார்க்கிறாள். படத்தில் எத்தனை பேர் என்று கேட்டால் அந்த வீட்டில் பதினேழு என்கிறார்கள். நான் எத்தனை தடவை எண்ணினாலும் பதினெட்டுத்தான் வருகிறது.